தடிமன்காரர் தொட்ட வடையைச் சாப்பிடலாமா?

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பின்னேரம் நாலு மணிக்கு ஒரு சைவக் கடைக்குள் போய் உட்கார்ந்தால், கேட்காமலே ஒரு தட்டு மேசைக்கு வரும். நாலு உளுந்து வடை, இரண்டு கடலை வடை, இரண்டு ரோல்ஸ், ஒரு சூசியம். எடுத்ததற்குத்தான் காசு. மிச்சம் அப்படியே அடுத்த மேசைக்குப் போகும். உங்களிடம் வரமுன் அது எத்தனை மேசை கண்டது, எத்தனை விரல் அந்த வடைகளைப் புரட்டிச் சூடு பார்த்தது என்பது கொண்டுவந்து வைத்த பெடியனுக்கே தெரியாது. மற்ற நாட்களில் இதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. பக்கத்து மேசைக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அந்தத் தட்டில் கை வைக்கும்போதுதான் கேள்வி வருகிறது: இதால் ஃபுளூ தொற்றுமா?

வடையைத் தின்றதால் ஃபுளூ வந்தது என்று நிறுவப்பட்ட சான்று கிடையாது. ஆனால் மூக்கை உறிஞ்சுகிறவருக்கு உண்மையிலேயே ஃபுளூ என்றால், அவருக்குப் பக்கத்தில் அரை மணிநேரம் இருந்ததால் உங்களுக்கு அது வரலாம். அதே தட்டிலிருந்து ஃபுளூ அல்லாத வேறு வருத்தங்களும் வரலாம். இந்த மூன்றையும் ஒன்றாகக் குழைத்துக்கொள்வதால்தான், கவனிக்கவேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ பயப்படுகிறோம்.

வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும்

இன்புளுவென்சா வைரஸ் கொழுப்பால் ஆன ஓர் உறைக்குள் இருக்கிறது. அந்த உறையில் முள் முள்ளாகப் புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் ஒன்றுதான் ஹீமக்ளூற்றினின். மனிதரின் மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய்ச் சுவர்களில் உள்ள சியாலிக் அமில மூலக்கூறுகளைப் பிடித்துக்கொண்டு உயிரணுவுக்குள் இறங்குவது இதன் வேலை. உயிரணுவுக்குள் அமிலம் கூடிய ஒரு பைக்குள் போய்ச் சேர்ந்தவுடன், இந்தப் புரதம் எலிப்பொறிபோலச் சடாரென்று விரிந்து, வைரஸின் உள்ளடக்கத்தை உள்ளே தள்ளிவிடுகிறது.

பொறி ஒருமுறைதான் அடிக்கும். வைரஸ் சோற்றோடு சேர்ந்து இரைப்பைக்குள் விழுந்தால், அங்கிருக்கும் கடும் அமிலத்தில் பொறி உரிய இடத்துக்குப் போகமுன்பே அடித்துவிடுகிறது. எலி இல்லாமல் அடித்த பொறியால் பயனில்லை. அதற்கு மேலே கொழுப்பு உறையைப் பித்தமும் சமிபாட்டு நொதியங்களும் பதம் பார்க்கும். சாதாரணத் தடிமனைத் தரும் றைனோ வைரஸுக்கு இந்த உறையே இல்லை; ஆனாலும் அமிலத்தில் அதுவும் தாக்குப்பிடிக்காது. இரண்டுமே மூச்சுப் பாதைக்காரர்கள்.

ஃபுளூ வந்த பிள்ளைகளுக்குச் சத்தியும் வயிற்றோட்டமும் வருவதுண்டு. சிலரின் மலத்தில் வைரஸின் மரபுத் தடயமும் கிடைக்கிறது. அதை வைத்து, வயிற்றால் வந்தது என்று முடிவு கட்டக்கூடாது. காய்ச்சல் உடம்பு முழுவதையும் ஆட்டும்போது வயிறும் சேர்ந்து ஆடுகிறது, அவ்வளவுதான்.

ஒரு சந்தேகம் நியாயமானது. சோறு வாயில் விழுந்து, தொண்டை வழியாகத்தானே கீழே போகிறது? போகிற வழியில் வைரஸ் தொண்டையில் ஒட்டாதா? கொள்கையளவில் ஒட்டலாம். ஆனால் அதற்கு, நோயாளியின் சளி போதிய அளவில், காயாமல், சூடு படாமல், உங்கள் வாய்க்கு வந்து சேரவேண்டும். காற்றில் மிதக்கும் நுண்துளியாக மூச்சோடு உள்ளே போகும் வைரஸுக்கோ இப்படி எந்த நிபந்தனையும் இல்லை. மூக்கில் சொட்டாக விடுவதைவிட, நுண்துளியாக மூச்சில் இழுக்கும்போது மிகக் குறைந்த அளவு வைரஸே தொற்றுக்குப் போதும் என்பதை 1960களில் தன்னார்வலர்களை வைத்துச் செய்த சோதனைகளே காட்டிவிட்டன.

விரல், சில்வர், காகிதம்

வைரஸ் வெளியில் எவ்வளவு நேரம் பிழைக்கும் என்பதற்கு 1982இல் வந்த ஓர் ஆய்வை இன்றைக்கும் எடுத்துச் சொல்கிறார்கள். சில்வர், பிளாஸ்டிக் போன்ற வழுவழுப்பான பரப்புகளில் 24 முதல் 48 மணிநேரம். துணி, காகிதம், ரிசுவில் 8 முதல் 12 மணிநேரத்துக்குள் முடிந்துவிடும். கைக்கு மாறிய பிறகு வெறும் 5 நிமிடம்தான். சில்வரிலிருந்து கைக்கு 24 மணிநேரம் வரை மாறக்கூடும். ரிசுவிலிருந்து 15 நிமிடம் வரைதான்.

இந்த எண்களைச் சாப்பாட்டுக் கடைக்குள் கொண்டுபோய்ப் பாருங்கள். வடை கரடுமுரடானது, எண்ணெய் குடித்தது, சூடானது. அதைவிட வடை வந்த சில்வர் தட்டின் விளிம்பும், மேசையில் நிற்கும் தண்ணீர் ஜக்கின் பிடியும், கை கழுவும் குழாயின் திருகும்தான் வைரஸுக்கு வசதியான இருக்கைகள். ஆளுக்கு ஆள் கை மாறும் சம்பல் கிண்ணக் கரண்டியையும் அதில் சேர்க்கலாம்.

கையில் 5 நிமிடம் என்பது ஆறுதலாகத் தெரியும். ஆனால் 2015இல் அவுஸ்திரேலியாவில் மருத்துவ மாணவர்களைப் படம்பிடித்து எண்ணிப் பார்த்தபோது, ஒருவர் மணிக்குச் சராசரி 23 தடவை தன் முகத்தைத் தொட்டிருக்கிறார். அதில் ஏறக்குறையப் பாதி கண், மூக்கு, வாயில். அதாவது 5 நிமிடத்துக்குள் கிட்டத்தட்ட இரண்டு முறை. மருத்துவம் படிக்கிறவர்களே இப்படி. ஆகவே வடையைத் தொட்ட விரல் வடையோடு வாய்க்குள் போனதைவிட, காரம் ஏறி மூக்கு ஒழுக, அதே விரலால் மூக்கைத் துடைத்ததே கூடிய ஆபத்து. கண்ணைக் கசக்கினாலும் அப்படித்தான். கண்ணீர்க் குழாய் மூக்குக்குள்தான் திறக்கிறது.

எச்சிலும் மூச்சும்

நம்மவர்களிடம் எச்சில் பற்றிய கட்டுப்பாடு இறுக்கமானது. செம்பை வாயில் வைக்காமல் அண்ணாந்து குடிப்பது, சாப்பிடுகிற கையால் கறிச்சட்டிக் கரண்டியைத் தொடாதது, ஒருவர் கடித்ததை இன்னொருவருக்குக் கொடுக்காதது. உமிழ்நீரால் பரவுகிறவற்றுக்கு இது நல்ல வேலிதான். நுண்கிருமி என்ற சொல் வரமுன்பே போடப்பட்ட வேலி. ஆனால் அந்த வேலி மூச்சைத் தடுக்காது. அண்ணாந்து தண்ணீர் குடிப்பவரே, செம்பைக் கீழே வைத்துவிட்டு, இரண்டடி தூரத்திலிருந்து உங்கள் முகத்துக்கு நேரே இருமுவார். அதை யாரும் எச்சில் என்று சொல்வதில்லை.

கொழும்பில் இது ஏன் கூடுதலாகப் பொருந்துகிறது என்பதற்குக் கினிப் பன்றிகளை வைத்து நியூயோர்க்கில் செய்த சோதனைகள் ஒரு விளக்கம் தருகின்றன. குளிரும் உலர்ந்த காற்றும் இருந்தால் ஃபுளூ காற்றால் நன்றாகப் பரவுகிறது என்று 2007இல் காட்டினார்கள். அடுத்த ஆண்டு, 30 பாகை செல்சியஸில் காற்றுவழிப் பரவல் நின்றுவிட்டது. ஆனால் ஒரே கூட்டில் சேர்ந்திருந்த விலங்குகளுக்குள் தொடுகையால் பரவல் தொடர்ந்தது என்று கண்டார்கள். கொழும்பு வெயிலில் 30 பாகைதானே, தப்பிவிட்டோம் என்று நினைக்கவேண்டாம். நகரத்தில் பலர் பகல் முழுவதும் இருப்பது ஏசிக்குள். கந்தோர், வங்கி, ரியூசன் வகுப்பு, ஏசி பஸ், கடைத்தொகுதியின் உணவுக்கூடம் எல்லாமே நியூயோர்க் கூட்டை ஒத்தவைதான். இலங்கையில் ஃபுளூ ஆண்டுக்கு இருமுறை தலைதூக்குகிறது: ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒருமுறை, நவம்பர் முதல் ஜனவரி வரை இன்னொரு முறை. மாதிரிகளைப் பரிசோதித்து எந்த வகை சுற்றுகிறது என்று பார்ப்பது பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம். இரண்டு எழுச்சியும் மழை, விடுமுறை, கொண்டாட்டம் என்று சனம் ஒரே கூரைக்குக் கீழே நெருங்கியிருக்கும் காலங்களை ஒட்டியே வருகின்றன.

இன்னொன்று. தொற்றியதிலிருந்து அறிகுறி வர 1 முதல் 4 நாள், பெரும்பாலும் 2 நாள். அறிகுறி தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே ஒருவர் வைரஸைப் பரப்பத் தொடங்குகிறார். பிறகு 5 முதல் 7 நாள் பரப்புவார், சிறு பிள்ளைகள் இன்னும் கூட. எனவே மூக்கை உறிஞ்சுகிறவர் கண்ணில் படுகிறார், நாற்காலியைத் தள்ளிப் போடுகிறீர்கள். நாளைக்குக் காய்ச்சல் வரப்போகிறவர் சிரித்துக் கதைத்தபடி உங்களோடு ரோல்ஸ் சாப்பிடுகிறார்.

தேநீர்க் கிளாஸ்

புறக்கோட்டைத் தேநீர்க் கடைகளில் கிளாஸ் கழுவும் முறை தெரிந்ததுதான். ஒரு வாளித் தண்ணீரில் முக்கி, விரலால் ஒரு சுற்று, மற்ற வாளியில் இன்னொரு முக்கு. ‘கொதிக்கக் கொதிக்கப் பிளேன்ரீ ஊற்றுகிறோமே, எல்லாம் செத்துவிடும்’ என்பார்கள். தேநீர் நிற்கும் மட்டம்வரை அது உண்மை. ஆனால் உதடு படுவது மட்டத்துக்கு மேலே உள்ள விளிம்பிலும் அதன் வெளிப்பக்கத்திலும். கொதிநீர் படாத அந்த ஒரு விரற்கடை அகலம்தான் முந்தைய ஆள் உதடு வைத்த இடமும். ஃபுளூ வர இது பெரிய வழி என்று சொல்லமாட்டேன். ஆனால் தவிர்க்கச் சுலபமான வழி.

செய்யவேண்டியது இதுதான். முதலில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, ஓடும் தண்ணீரில் அலசவேண்டும். பிறகு ஒன்றில் கிளாஸ் முழுவதையும் விளிம்போடு கொதிநீருக்குள் அரை நிமிடம் அமிழ்த்தவேண்டும். அல்லது குளோரின் தண்ணீரில் 2 நிமிடம் போட்டு எடுக்கவேண்டும். கடையில் விற்கும் 5 வீத ப்ளீச்சானால் 10 லீற்றர் வாளிக்கு 20 மில்லிலீற்றர், அதாவது நாலு தேக்கரண்டி. அது பத்து இலட்சத்துக்கு 100 பங்கு குளோரின் தரும். அழுக்குக் கிளாஸை நேரே இதற்குள் போட்டால், பாலும் சீனியும் குளோரினைத் தின்றுவிடும், வாசம்தான் மிஞ்சும். தண்ணீர் கலங்கியவுடன் மாற்றவேண்டும். எடுத்த கிளாஸைத் துடைக்காமல் கவிழ்த்துக் காயவிடுங்கள். பலரும் கோட்டைவிடுவது இந்தக் கடைசிப் படியில்தான். தோளில் கிடக்கும் ஒரே துணியால் மேசை, கை, கிளாஸ் மூன்றையும் துடைத்தால் செய்ததெல்லாம் வீண்.

சமையற்காரர் உண்மையில் எதைத் தருவார்

காய்ச்சலோடு வேலைக்கு வந்த சமையற்காரர் கொத்து ரொட்டி போடுகிறார் என்று வையுங்கள். கொத்துத் தகட்டின் சூட்டில் ஃபுளூ வைரஸ் நிற்காது; 70 பாகை போதும் அதை முடிக்க. சூடான குழம்பில் தும்மினாலும் அருவருப்புத்தான், ஃபுளூ இல்லை. கவனிக்கவேண்டியது அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு கை படுகிறவை, அடுப்பையே காணாதவை: தேங்காய்ச் சம்பல், வெங்காயச் சம்பல், சலாது, வெள்ளரிக்காய், வெட்டிய பழம், அவித்த பின் கையால் எடுத்து அடுக்கும் இடியப்பம். காலிமுகத்திடலில் இறால் வடையைப் பொரித்த எண்ணெய் எல்லாவற்றையும் கொன்றிருக்கும். மேலே தூவிய வெங்காயத்தை நறுக்கிய கைக்கு யார் பொறுப்பு?

அந்தக் கையிலிருந்து வரக்கூடியவை பெரும்பாலும் ஃபுளூ அல்லாதவை. முதலாவது ஸ்டஃபிலோகொக்கஸ் ஓரியஸ். நாலைந்து பேரில் ஒருவரின் மூக்குக்குள் இந்தப் பக்டீரியா எந்த வருத்தமும் தராமல் குடியிருக்கிறது. தடிமன் பிடித்து மூக்கைத் துடைத்துத் துடைத்து வேலை செய்யும்போது அது கைக்கு இறங்கும். விரலில் சீழ்ப் புண் இருந்தால் இன்னும் மோசம். சோற்றிலோ தேங்காய்ப்பால் சேர்ந்த கறியிலோ விழுந்து, கொழும்பின் அறைச் சூட்டில் சில மணிநேரம் கிடந்தால், அது பெருகி நஞ்சை விடும். பக்டீரியா சூட்டில் செத்தாலும் நஞ்சு சாகாது. திருப்பிச் சூடாக்கினேனே என்று சொல்லிப் பயனில்லை.

இரண்டாவது நோரோ வைரஸ். ‘வயிற்று ஃபுளூ’ என்று பலரும் சொல்வது இதைத்தான். ஃபுளூவோடு இதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இதற்குக் கொழுப்பு உறை கிடையாது. அதனால் சானிரைசருக்குப் பெரிதாக மசியாது. றைனோ வைரஸைப் போலன்றி, இரைப்பை அமிலத்தையும் தாண்டும். நூறுக்கும் குறைந்த துணிக்கைகள் போதும் ஒருவரைப் படுக்கவைக்க. ஃபுளூவுக்கு எதிராகச் சானிரைசர் நன்றாக வேலை செய்யும், மதுசாரம் 60 வீதத்துக்குக் குறையாமல் இருந்தால். நோரோவுக்குச் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும்தான். இங்கே சவர்க்காரம் வைரஸைக் கொல்வதில்லை. பெயர்த்து எடுத்துக் கழுவி விடுகிறது. அதனால்தான் 20 விநாடி தேய்க்கவேண்டும், நகக்கண்ணையும் பெருவிரல் அடியையும் விடாமல்.

மூன்றாவது தைபொயிட், நான்காவது ஹெப்பரைரிஸ் ஏ. இரண்டுமே மலசலகூடத்திலிருந்து கையேறி வருகிறவை. தைபொயிடில் இன்னொரு சிக்கல்: சுகமான பிறகும் சிலர் கிருமியைச் சுமந்து திரிவார்கள். நியூயோர்க்கில் சமையல் செய்த மேரி மலன் 1907இல் பிடிபட்டது அப்படித்தான். அவர் சமைத்த சூடான உணவுகள் அல்ல, பச்சைப் பீச் பழம் வெட்டிப் போட்டுச் செய்த ஐஸ்கிரீமே வில்லங்கம் என்று கண்டார்கள். அவருக்கு அப்போது எந்த வருத்தமும் இல்லை.

பொலித்தீன் கையுறை போட்டிருக்கிறார்களே என்று கேட்பீர்கள். கையுறையோடு காசு வாங்கி, அதே கையுறையோடு மூக்கைச் சொறிந்து, அதே கையுறையோடு பராட்டாவைப் பிய்த்தால், கழுவாத இரண்டாவது தோல் ஒன்றைப் போர்த்தியிருக்கிறார் என்பதுதான் பொருள். வெறும் கை பிசுபிசுத்தால் ஒருவர் கழுவுவார். கையுறை போட்டவருக்கு அந்த உணர்வே வராது. என்னைக் கேட்டால், காசுக்கு ஒருவர், சாப்பாட்டுக்கு ஒருவர் என்று பிரித்த கடை, எல்லோருக்கும் கையுறை மாட்டிய கடையைவிட மேல். முகக்கவசம் நாடியில் தொங்குவதைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

விதி எளிது. சத்தி, வயிற்றோட்டம் வந்தவர், அது நின்று 48 மணிநேரம் ஆகும்வரை உணவைத் தொடக்கூடாது. ஃபுளூக் காய்ச்சல்காரர், பெனடோல் போடாமலே காய்ச்சல் இல்லாமல் 24 மணிநேரம் கழியும்வரை வரக்கூடாது. ‘பெனடோல் போடாமல்’ என்பதுதான் முக்கியம். இரண்டு குளிசையை விழுங்கி 98.6 காட்டிவிட்டு வருவது வழக்கமாகிவிட்டது. நாட்கூலிக்கு மலையகத்திலிருந்து வந்து, கடைக்கு மேலே ஒரே அறையில் ஆறேழு பேராகப் படுக்கிற பெடியன்களிடம் ‘வருத்தமென்றால் லீவு எடு’ என்று சொல்வது சுலபம். லீவுக்குச் சம்பளம் கிடைக்காதவரை அவர்கள் வருவார்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் குசினியைப் பார்க்கலாம், வழக்கும் போடலாம். முதலாளியின் சம்பளப் புத்தகத்தை மாற்ற அவரால் முடியாது.

சோற்றுப் பார்சல்

கந்தோர்ப் பக்கங்களில் பதினொரு மணிக்கு முன்பே சோற்றுப் பார்சல் கட்டி அடுக்கிவிடுவார்கள். சாப்பிடுவது ஒன்றரைக்கு. இடையில் சோறு சுடவும் இல்லை, ஆறவும் இல்லை. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட இந்த இடம் பக்டீரியாவுக்குத் தொட்டில். அரிசியில் இருக்கும் பசிலஸ் சீரியஸின் வித்திகள் கொதித்தாலும் சாகா. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்து நஞ்சு விடும். இந்த நஞ்சும் சூட்டுக்கு அடங்காது. சமைத்தது வெளியில் 2 மணிநேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது பொது அளவு; வெப்பம் 32 பாகையைத் தாண்டினால் ஒரு மணிநேரம். மார்ச், ஏப்ரல் கொழும்பில் மதியம் அந்தக் கோட்டில்தான் நிற்கிறது. பார்சல் வாங்குவதானால் பன்னிரண்டரைக்குக் கட்டச் சொல்லி வாங்குங்கள். கட்டும்போது சோற்றில் ஆவி பறக்கவேண்டும். முட்டையும் தேங்காய்ப்பால் கறியும் முதலில் கெடும்.

எது எதிலிருந்து வந்தது என்று தெரியவேண்டுமானால் மணிக்கூட்டைப் பாருங்கள். சாப்பிட்டு 1 முதல் 6 மணிநேரத்துக்குள் குடலைப் பிரட்டிக்கொண்டு சத்தி வந்தால், ஏற்கெனவே உருவான நஞ்சு; அன்றைய சாப்பாட்டைச் சந்தேகிக்கலாம். 12 முதல் 48 மணிநேரத்தில் சத்தியும் தண்ணீராக வயிற்றோட்டமும் என்றால் நோரோவாக இருக்கலாம். நேற்றைய அல்லது முந்தைய நாள் சாப்பாடு. இரண்டு நாள் கழித்துச் சடுதியாகக் காய்ச்சல், உடம்பு உளைவு, வறட்டு இருமல் என்றால் ஃபுளூவை நினைக்கலாம். அதற்குச் சாப்பாட்டை அல்ல, கூட இருந்தவர்களைத் தேடுங்கள். ஒன்று முதல் நாலு கிழமை கழித்து நாளுக்கு நாள் ஏறும் காய்ச்சல் தைபொயிடாகலாம். ஹெப்பரைரிஸ் ஏ இரண்டு முதல் ஏழு கிழமை கழித்துக் கண் மஞ்சளிக்கும். எந்தக் கடை என்று அப்போது நினைவு வரவா போகிறது?

இடையில் ஒன்று, கொழும்பில் இருப்பவர்கள் மறக்கக்கூடாதது. காய்ச்சல் எதுவானாலும் டெங்கு இல்லை என்று தெரியும்வரை பரசிற்றமோல் மட்டும்தான். ஐபுப்ரோபன், டைக்ளோபெனக், அஸ்பிரின் வேண்டாம். டெங்கில் அவை இரத்தக்கசிவைக் கூட்டும். பெரியவருக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, 6 மணிநேர இடைவெளியில். ஒரு நாளில் எட்டுக்கு மேல் கூடாது. நிறை குறைந்தவருக்கும் ஈரல் வருத்தம் உள்ளவருக்கும் அளவு குறையும். மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாவிட்டால் முழு இரத்தக் கணக்குப் பார்க்கவேண்டும். கர்ப்பிணி, சிறு குழந்தை, முதியவர், ஆஸ்மா அல்லது நீரிழிவு உள்ளவர் என்றால் மூன்றாம் நாள்வரை காத்திருக்கவே வேண்டாம். ஃபுளூவுக்கான ஒசெல்டமிவிர் மருந்து முதல் 48 மணிநேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும்.

வீட்டில்

அம்மாவுக்கு ஃபுளூ, சமைக்க வேறு ஆள் இல்லை. கொழும்புத் தொடர்மாடி வீடுகளில் இது வழமையான நிலைமை. கொதிக்கிற சாப்பாடாகச் செய்யட்டும்: கஞ்சி, பருப்பு, சொதி, ரசம். சம்பலை வேறு யாராவது இடிக்கலாம். அன்றைக்கு இல்லாமலும் விடலாம். முகக்கவசம் மூக்கை மூடவேண்டும். இருமல் வந்தால் கையால் அல்ல, முழங்கை மடிப்பால் பொத்தி, அடுப்பை விட்டு விலகி நின்று இருமுங்கள். உப்புப் பார்த்த கரண்டி திரும்பச் சட்டிக்குள் போகக்கூடாது. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பதே நல்ல பழக்கம். குசினி ஜன்னலைத் திறந்துவையுங்கள்.

குழைத்த சோற்றை உருட்டிக் கையில் கையில் தருவதும், பிள்ளைக்குத் தீத்துவதும்தான் கடினம். இங்கே ஆபத்து உருண்டையில் இல்லை. தீத்துகிற முகமும் வாங்குகிற முகமும் ஓரடி தூரத்தில் இருப்பதில். பிள்ளைக்குக் காய்ச்சலென்றால், அது மிச்சம் வைத்ததை ‘வீணாக்கக்கூடாது’ என்று வழித்துச் சாப்பிடுவதை ஒரு கிழமைக்கு நிறுத்துங்கள். நோயாளியின் கோப்பை, கிளாஸைத் தனியாக ஒதுக்கி வைக்கவோ கொதிக்க வைக்கவோ தேவையில்லை. சவர்க்காரம் போட்டுக் கழுவினால் சரி. தாய்ப்பால் கொடுக்கும் தாய்க்கு ஃபுளூ வந்தால் பாலை நிறுத்தக்கூடாது. வைரஸ் பாலால் போவதில்லை, மூச்சால் போகிறது. கை கழுவி, முகக்கவசம் போட்டுக் கொடுக்கலாம். பாலோடு போகும் எதிர்ப்புடல்கள் பிள்ளைக்கு லாபம்.

கோழி, முட்டை, பால்

சாப்பாட்டால் ஃபுளூ வராது என்ற பேச்சுக்கு ஒரு விளிம்பு உண்டு. அது பறவைக் காய்ச்சல். 2004 ஒக்ரோபரில் தாய்லாந்தின் சிறாச்சா புலிப் பூங்காவில் பச்சைக் கோழி தின்ற புலிகளுக்கு எச்5என்1 வந்தது. 441 புலிகளில் 147 செத்தன அல்லது கொல்லப்பட்டன. 2024 மார்ச்சில் அமெரிக்காவில் கறவை மாடுகளில் அதே இனம் கண்டுபிடிக்கப்பட்டபோது, காய்ச்சாத பாலில் வைரஸ் ஏராளமாக இருந்தது. அந்தப் பாலைக் குடித்த பண்ணைப் பூனைகள் செத்தன. பாஸ்ரராக்கம் அந்த வைரஸைச் செயலிழக்கச் செய்தது. ஆகவே இந்த விதிவிலக்கும் பச்சை உணவோடு நின்றுவிடுகிறது. எலும்போரம் சிவப்பு இல்லாமல் கோழியை வேகவைக்கவேண்டும், பாலைப் பொங்கக் காய்ச்சவேண்டும். இரண்டும் நம் வீடுகளில் நடப்பவைதான். கோழி கழுவும்போது தெறிக்கும் தண்ணீரும், அதே பலகையில் வெட்டும் வெங்காயமும்தான் இடறும் இடங்கள்.

பெண் பிள்ளை பெரியபிள்ளையானதும் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. அதில் ஃபுளூவை நினைத்துப் பயப்பட வேண்டாம். சல்மொனெல்லாவை நினைத்துப் பயப்படலாம். முட்டையின் சத்து அவித்தாலும் ஓடிவிடாது. பேர்த்தியாருக்கு இதைப் புரியவைப்பது உங்கள் சாமர்த்தியம்.

மண்டபத்துச் சாப்பாடு

கலியாண மண்டபத்தில் பந்திக்குப் பதிலாகப் பஃபே வந்த பிறகு ஒரு கணக்கு மாறிவிட்டது. இலையில் பரிமாறியபோது அகப்பையைப் பிடித்தவர்கள் நாலைந்து பேர். இப்போது முந்நூறு பேர். வந்தவர்கள் கை கழுவுகிறார்கள், பிறகு வரிசையில் நிற்கிறார்கள், பன்னிரண்டு கரண்டிகளைப் பிடிக்கிறார்கள், அதன்பின் அதே விரல்களால் சோற்றைப் பிசைகிறார்கள். வரிசையில் நிற்கமுன் கழுவியது எதற்கு? கையால் சாப்பிடுகிற நமக்கு, சாப்பாட்டை எடுத்த பிறகுதான் கழுவவேண்டும். முடியாவிட்டால் கரண்டி எல்லாவற்றுக்கும் இடது கை, சாப்பிட வலது கை. எச்சில் பார்க்கிற சனத்துக்கு இது கடினமில்லை. கோப்பையை வலது கைக்கு மாற்றிப் பிடித்தால் முடிந்தது.

யாராவது மண்டபத்தில் சத்தி எடுத்துவிட்டால், சுற்றிவர மூன்று மீற்றர் விலக்குங்கள். பக்கத்தில் திறந்து கிடக்கும் சாப்பாட்டை எறியவேண்டும். தும்புத்தடியால் கூட்டவேண்டாம், பரவும். காகிதத்தால் ஒற்றி எடுத்துப் பையில் கட்டிவிட்டு, 5 வீத ப்ளீச் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றி, 10 நிமிடம் விட்டுத் துடைக்கவேண்டும். துடைப்பவருக்குக் கையுறையும் முகக்கவசமும் தேவை. தேநீர்க் கிளாஸ் வாளிக்குச் சொன்ன அளவு இதற்குப் போதாது.

சைவக் கடைத் தட்டுக்கு வருவோம். மூக்கை உறிஞ்சுகிறவர் கை வைத்த வடை என்றால், அதைத் திருப்பி அனுப்பிவிட்டு ‘தம்பி, சட்டியிலிருந்து இப்ப எடுத்ததில இரண்டு தனித் தட்டில தாங்கோ’ என்று கேளுங்கள். எந்தக் கடையிலும் முகம் சுளிக்கமாட்டார்கள். ஏசி அறைக்குள் போகாமல் வாசல் பக்கம், மின்விசிறி காற்று வெளியே போகிற இடமாகப் பார்த்து உட்காருங்கள். சம்பல் கிண்ணம் வேண்டாம். தட்டு வந்த பிறகு எழும்பிப் போய்க் கையைக் கழுவுங்கள். குழாயைப் பூட்டும்போது முழங்கையோ ரிசுவோ. காரத்தில் மூக்கு ஒழுகினால் இடது கையில் லேஞ்சி.